பின்கேட்டும் ஒரு தட்டுக் கற்கண்டும்

கிருபாசங்கருக்கு இங்கிலீஷில் மிகப் பிடித்த சொல் 'பட்'. சொல் சிறிசு, வேலை பெரிசு. முன்னால் வருகிற வாக்கியம் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் 'பட்' வந்து நின்றால் அது எழுந்து இடம் கொடுத்தாக வேண்டும். பீளமேட்டில் அவன் படித்த கல்லூரியின் விவாத மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். புதிதாகச் சேரும் ஜூனியர்களுக்கு முதல் பாடமே இந்தச் சொல்லின் சொந்தபந்தங்கள்தான். 'ஹவ்வெவர்' இஸ்திரி போட்ட சட்டை, கல்யாண வீடுகளுக்கு ஆகும். 'நெவர்த்லெஸ்' ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கு. 'யெட்' சொல்லிவிட்டுக் கொஞ்சம் சோகமாகப் பார்க்க வேண்டும். 'ஆன் த அதர் ஹேண்ட்' என்றால் மறுகையை நிஜமாகவே நீட்ட வேண்டும். நீட்டாதவனுக்கு மார்க் கிடையாது.

இத்தனை சொல்லும் கைவசம் இருந்தும் அந்த வாரம் அவனுக்குத் தூக்கம் போயிருந்தது. காரணம், பின்கேட்.

ஆர்ச் வைத்த முன்கேட் கல்லூரிக்கு ஒரு பக்கம். சின்னப் பின்கேட் மறுபக்கம். பின்கேட்டைத் தாண்டினால் எதிரே அவினாசி ரோடு, பஸ் ஸ்டாப். வெளியாட்கள் உள்ளே வருகிறார்கள், ஒழுக்கம் கெடுகிறது என்று தாளாளர் திருமூர்த்தி அய்யா அதை மூடுவதாக இருந்தார். மூடிவிட்டால் முன்கேட் வழியாக இறங்கி மதிலைச் சுற்றி வர வேண்டும். நாலே முக்கால் பஸ் நிச்சயம் போயிருக்கும். அந்த பஸ்ஸில் போனால்தான் கிருபாசங்கர் ஆறு மணிக்குள் சோமனூர் வீடு சேர்ந்து, தறி ஓட்டும் வேலையைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள முடியும். காலையிலிருந்து தறி முன்னால் நிற்கும் அவன் அம்மா நாச்சியம்மாள் அப்போதுதான் உட்காருவாள்.

முடிவை முன்பே எடுத்துவிட்ட தாளாளர், ஜனநாயகத்துக்கு ஒரு விவாதமும் ஏற்பாடு செய்யச் சொன்னார். செயலாளர் மணி அடிக்கலாம், பேசக் கூடாது என்பது மன்றத்தின் விதி. எதிர்த்துப் பேசப் பெயர் கொடுத்திருந்த மூவருக்கும் முதல் நாளே காய்ச்சல் வந்தது. மிக நாகரிகமான காய்ச்சல். ஆதரித்துப் பேச இருந்த ஜெரோமை அது தொடவே இல்லை. ஜெரோமிடம் பைக் இருந்தது.

மிச்சமிருந்தவள் லோகப்பிரியா. இரண்டாம் வருடம், காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டக்காரர் மகள், ஹாஸ்டல்வாசி. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

"அம்மணி, நாளைக்கு எதிர்த்துப் பேசோணும்."

"செரிங்கண்ணா."

"எங்க, 'பட்'டுன்னு ஆரம்பிச்சுப் பேசு பாக்கலாம்."

"ஜெரோமண்ணன் பேசி முடிச்சவொடனேவுங்களா? பாவமுங்கண்ணா, அவருக்கு மனசு சங்கடமாப் போயிருமுங்க."

"அட, சங்கடப்படுத்தறதுக்குத்தான் கண்ணு விவாதமே! செரி, 'ஹவ்வெவர்' சொல்லு."

"சொல்லோணுமுங்களா?"

"வேண்டாம்னா 'நெவர்த்லெஸ்' சொல்லு."

"ரெண்டும் நல்ல வார்த்தைங்கண்ணா," என்றாள் லோகப்பிரியா, பலகாரக் கடையில் எதுவும் வாங்காமல் திரும்புகிறவளின் முகத்தோடு. "எங்கூட்ல யாவாரிக வந்து அடிமாட்டு வெலைக்குக் கேட்டாக்கூட எங்கம்மா இல்லைன்னு சொன்னதில்லீங்க. செரிங்க, காப்பி குடிங்கம்பாங்க."

கிருபாசங்கர் அன்று மாலையே அம்மாவிடம் சொல்லிவிட்டான். "அம்மோவ், இனி நான் வர ஏழரை ஆயிரும்."

"அதுக்கென்ன சாமி, நின்னுக்கறேன்," என்றாள் நாச்சியம்மாள். அவளுக்கும் 'பட்' தெரியாது.

மறுநாள் மதியம் ஒத்திகையாகப் பின்கேட்டைப் பூட்டியே விட்டார்கள். மூன்றரைக்கு விவாதம். ஜெரோம் பிரமாதமாகப் பேசினான். ஒழுக்கம் பற்றிப் பேசுகையில் அவன் குரலே யூனிபார்ம் போட்டிருந்தது. முன்வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையில் தாளாளர் தலையாட்டினார்.

லோகப்பிரியா மைக் முன்னால் வந்தாள். கிருபாசங்கர் மணியைப் பிடித்துக்கொண்டு, 'பட்' என்று அவள் உதடு குவிகிறதா என்று பார்த்தான். குவியவில்லை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜெரோமண்ணன் சொன்னதெல்லாம் செரிங்க."

அரங்கில் யாரோ சிரித்தார்கள். கிருபாசங்கர் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா நிற்பது தெரிந்தது.

"கேட்டைப் பூட்டினா வெளியாளுக வர மாட்டாங்க, ஆமாங்க. ஒழுக்கம் வளரும், அதும் ஆமாங்க. புள்ளைக சுத்தி நடந்து போனா ஒடம்புக்கு நல்லதுங்க. இத்தன நல்லது இருக்கற காரியத்த வெறும் பூட்டப் போட்டு ஆரம்பிக்கறதுங்களா? பெரியவங்க கையால ஆரம்பிக்கோணுமுங்க."

மைக்கை விட்டு நகர்ந்தாள். தாளாளரை வரவேற்பதற்காக வைத்திருந்த சந்தனக் கற்கண்டுத் தட்டு மேடையோரம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி, அவர் முன்னால் நின்று, கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அந்தப் புது வழியில அய்யாதான் மொத ஆளா நடந்து தொவக்கி வெக்கோணுமுங்க. இன்னிக்கு நாலே முக்கா பஸ்ஸுக்குங்க. அவசியம் வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க."

கொங்கு நாட்டில் ஒரு மனிதர் கோர்ட் நோட்டீஸைக்கூட வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு கையால் ஒரு பெண்பிள்ளை நீட்டிய தட்டைத் திருப்ப முடியாது. அவர் மூளை யோசித்துக்கொண்டிருக்கையிலேயே கை போய்க் கற்கண்டை எடுத்துவிட்டது. எடுத்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

"வாரேன் கண்ணு," என்றார் திருமூர்த்தி.

கடைசிப் பெல்லுக்குப் புறப்பட்டார்கள். முன்னால் தாளாளர், பின்னால் பிரின்சிபால், அதற்குப் பின்னால் பஸ் பிள்ளைகள் மொத்தமும். மூடாத சாக்கடை ஓரம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். நடைபாதையில் ஏறிவந்த பைக்குக்கு ஒதுங்கினார். லோகப்பிரியா பக்கத்திலேயே வந்தாள்.

"பாத்துங்கய்யா, கல்லு. வெயில் அடிக்குதுங்களா? கொடை கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"இருக்கட்டும் அம்மணி, இருக்கட்டும்."

மதில் முனை திரும்பியபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. தாளாளர் கையைத் தூக்கினார். அவர் தாளாளர் என்பது கண்டக்டருக்குத் தெரியவில்லை. விசில் ஊதினார்.

ஸ்டாப்பில் நிழல் இல்லை. கிருபாசங்கர் ஒதுங்கி நின்று போனை எடுத்தான்.

"யாருக்கு கண்ணு போன்?" என்றார் தாளாளர்.

"அம்மாவுக்குங்கய்யா. தறியில நிக்கறாங்க. நான் போனாத்தான் உக்காருவாங்க. இன்னுங் கொஞ்ச நேரம் நிக்கோணும்னு சொல்லிப்போட்டனுங்க."

அவர் பஸ் போன திசையைப் பார்த்தார். சின்ன வயதில் மில்லில் நூற்பு மெஷின் முன்னால் நின்றவர் என்று கல்லூரி ஆண்டு மலரில் வருடா வருடம் எழுதுவார்கள். அதை அவரும் கொஞ்ச நாளாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். கைக்கெட்டும் தூரத்தில் பின்கேட். கம்பிக்கு அந்தப் பக்கம் வாட்ச்மேன் சின்னான்.

"சின்னா, தொறப்பா. உள்ள போயிக்கறேன்."

"அய்யா நீங்கதானுங்க சாவிய ஆபீஸ்ல குடுத்துப்போடச் சொன்னீங்க," என்றார் சின்னான், கும்பிட்டபடி.

தாளாளர் பூட்டைப் பார்த்தார். லோகப்பிரியாவைப் பார்த்தார். அவள் முகத்தில் எதிர்ப்பின் சாயல் இம்மியும் இல்லை. மதிலைச் சுற்றித் திரும்ப நடக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் பின்கேட்டில் பூட்டு இல்லை. அறிவிப்பும் இல்லை.

விவாத முடிவு மட்டும் ஒட்டியிருந்தது. சுழற்கோப்பை ஜெரோமுக்கு. லோகப்பிரியாவின் பெயருக்கு நேரே 'எதிர்வாதம் எதுவும் வைக்கவில்லை' என்று நடுவர்கள் எழுதி, பூஜ்யம் போட்டிருந்தார்கள். கிருபாசங்கர் அந்தப் பூஜ்யத்தை நின்று பார்த்தான். இத்தனை அழகான பூஜ்யத்தை அவன் பார்த்ததில்லை. தான் ஜெயித்த கோப்பை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. எதனாலும் ஒரு கேட் திறந்ததாக நினைவில்லை.

மாலையில் பின்கேட் அருகே அவளைப் பிடித்தான்.

"அம்மணி, அடுத்த வருசம் நீதான் செயலாளர். சொல்லிப்போட்டேன்."

"அருமையான யோசனைங்கண்ணா! எங்க ரூம் பிரவீனா இருக்கறாளே, எம்புட்டு நல்லாப் பேசுவா தெரியுமுங்களா? அவளையும் ஒரு வார்த்தை கேட்டீங்கன்னா ரொம்பச் சந்தோசப்படுவாளுங்க. பஸ்ஸு வந்துருச்சு, ஓடுங்கண்ணா."

கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓடி ஏறினான். சீட்டும் கிடைத்தது. அம்மா இன்று நேரத்துக்கு உட்காருவாள் என்று நினைத்தபடி கண்ணை மூடினான். கருமத்தம்பட்டி வருகையில்தான் உறைத்தது, லோகப்பிரியா மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.