கால் நீட்ட இடம் கேட்ட சீனிப் பொம்மைகள்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் பிரான்காச்சோப் புறநகரில், இனிப்புப் பட்டறை ஒன்றில், சென்ற ஐப்பசியில் வார்த்த சீனிப் பொம்மைகள் அத்தனையும் காலில் விலங்கோடு பிறந்தன. இறந்தோர் திருநாளில் பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை கொடுப்பது அந்த ஊர் வழக்கம்; இறந்துபோன உறவினர் வந்து வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். முதலாளி நிலவறையில் கண்டெடுத்த பழைய அச்சு, வாளேந்திய வீரனுக்குரியது. அதில் பாகை ஊற்றியவள் யாழ்ப்பாணத்து இந்திராதேவி. அச்சைப் பிரித்தபோது வீரனும் இல்லை, வாளும் இல்லை. முழங்காலை நெஞ்சோடு மடித்து ஒடுங்கிய மனிதர்களே வந்தார்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக, வார்ப்புக்கு வார்ப்பு வேறு முகத்தோடு. முதலாளி விலங்குக்குப் பொன்வண்ணம் பூசச் சொன்னார். கை ஒடிந்த ஒன்றை, விற்காது என்று, அவளுடைய மகளுக்குக் கொடுத்தனுப்பினார்.

அதே நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில், ஒடுங்கிய சந்தில், இரண்டாம் மாடி வீட்டில், மகள் கேசிகா அந்த ஒடிந்த கையை வாயில் போட்டுச் சுவைத்தாள். மறுநாள் ஒரு காலை இழுத்து நடந்தாள். பிறகு கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து வளையம் விழுந்தது. பிறகு எழவே முடியவில்லை. அகன்ற கட்டிலில் தனியே கிடந்துகொண்டு, கால் நீட்ட இடமில்லை என்று அழுதாள். மருத்துவர் எலும்பைப் படம்பிடித்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். இந்திராதேவி அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தாள். இரும்பின் கனம்.

“அம்மா, எனக்குப் பக்கத்திலை கிடந்த ஆள் செத்துப்போச்சு. ஒருத்தரும் வந்து அவிழ்த்துவிடேல்லை,” என்றாள் கேசிகா.

பட்டறையில் உடன் வேலை செய்த மொரீசியஸ்காரி மரி-ஃப்ரான்ஸ், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் வழிவந்தவள். சீனியின் கதை அவளுக்குக் குடும்பக் கதை. அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: இந்தச் சிசிலித் தீவில் விளைந்த கரும்பைப் போர்த்துக்கேயர் அத்திலாந்திக் கடலின் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். கரும்பு போன இடமெல்லாம் அதை வெட்டக் கை வேண்டியிருந்தது. கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் ஆபிரிக்கக் கரையில் ஆள் பிடித்தார்கள். தோளில் சூடு போட்டார்கள். கப்பலின் வயிற்றில் விறகைப் போல அடுக்கினார்கள். சீமான்களின் மேசையில் சீனி வெளுக்க வெளுக்க, தோட்டத்தில் மனிதத் தோல் உரிந்தது. அதன் பிறகே தன் முன்னோரின் முறை வந்தது என்றாள். சந்தைக்கு இந்தப் பொம்மைகள் போனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கட்டிலில் விழுவார்கள் என்பது இந்திராதேவிக்கு அப்போது புரிந்தது.

அவள் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தாள். அஸ்தி கரைப்பதைப் போல இவர்களையும் கரைத்துவிட்டால் அமைதி கிடைக்கும் என்று எண்ணி, விடியற்காலையில், முதலாளி வருமுன், பட்டறையில் இருந்த பொம்மைத் தட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குப் போனாள். கணவன் விமலராஜ் மகளைத் தோளில் சுமந்து வந்தான். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, ஒவ்வொன்றாக நீரில் விட்டாள். சீனி கரையவில்லை. கரையில் இருந்த கேசிகா மூச்சுத் திணறி, வாயாலும் மூக்காலும் உப்புநீரைக் கக்கினாள்.

“அம்மா, எடுங்கோ. முந்தியும் இவையளை உயிரோடை கடலிலைதான் எறிஞ்சவங்கள்.”

இந்திராதேவி உடுத்த உடையோடு மார்பளவு நீரில் இறங்கினாள். நீச்சல் அறியாதவள், பல் கிட்டும் நடுக்கத்தோடு, கடைசிக் குழந்தை வரை பொறுக்கி எடுத்தாள்.

வீட்டில் அவர்களைக் கட்டிலில், ஒருவரை ஒருவர் இடிக்காதபடி கிடத்தினாள். இடம் கிடைத்ததும் அவர்கள் மெல்லக் கால் நீட்டினார்கள். ஒவ்வொருவராக நீட்ட நீட்ட மகளின் காலிலிருந்து கனம் இறங்கியது. “இனி இவையளுக்கும் குவெஸ்தூராப் பொலிசிலை போய், இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ எடுக்கோணுமோ?” என்று விமலராஜ் சிரிக்கப் பார்த்தான். சரக்கைத் தேடி வந்த முதலாளி கட்டிலைப் பார்த்தார். படியிறங்கிப் பட்டறைக்குப் போய், அச்சை உடைத்தார்.

கேசிகா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கணுக்கால் வளையம் மாறவில்லை, காலுறைக்குள் இருக்கிறது. அந்தக் கட்டிலில் எறும்பு ஏறுவதில்லை. வீட்டார் மூவரும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். சிலவேளை கட்டில் கிரீச்சிடும். யாரோ புரண்டு படுக்கிறார்கள் என்று, இந்திராதேவி மறுபக்கம் திரும்பித் தூங்கிவிடுவாள்.