பயமுறுத்தாத பாஷை

"நாலு வாரமா ஒரே வயித்துவலியா? எந்த ஊரு வழக்கம் இது?" "எனக்கு வலிக்கி, ஒமக்கு என்ன..." "எனக்கென்னவா, மேமலையில பன்னெண்டு நெரை கொழுந்து பறிக்க ஆளில்லாமக் கெடக்கு, நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்பிடையில நீ நிக்கல, ஒம் பேரை வெட்டி மலையை விட்டு எறக்கிருவாக, நான் சொல்லல, தொரை உத்தரவு..." "அந்த ஏத்தத்துல கூடையோட ஏறுனா நானா எறங்க மாட்டேன் கங்காணியாரே, நாலு பேரு தூக்கித்தான் எறக்கணும்..." "டாக்டர் தொரையே மூணு வாட்டி பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாரு தாயி, நானா எழுதுனேன்?" "எழுதுனாரு, எழுதுனாரு... எழுதுனவரு வயித்துலயா இருக்கு?"

இப்படி ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறி மிதித்துக்கொண்டிருக்க, தோட்டத்து ஆஸ்பத்திரி ஆயா கத்தரீனாள் உள்ளே வெந்நீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கொதித்த துணிகளைக் குச்சியால் எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். யாரைச் சத்தம் போடாதே என்பது? கங்காணி கருத்தப்பாண்டி ஒன்றும் கெட்டவன் இல்லை, ஆள் குறைந்தால் அவன் தலையில்தான் விடியும், மூக்கம்மாளுக்கும் வாய்தான் நீளமே தவிர உடம்பில் சத்து எங்கே இருக்கிறது, இந்தா பார், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சண்டையே போடுகிறாள்... வயிற்றுவலி என்றுதானே கங்காணியிடம் சொல்ல முடியும், ஆம்பிளையிடம் வேறு எப்படிச் சொல்வாள்? லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குப் பேர் வயிற்றுவலி, அதுவும் சொல்லக் கூச்சமானால் தலைவலி. நிஜம் என்னவென்று திரைச்சீலைக்குப் பின்னால் வந்து கத்தரீனாளின் காதில் மட்டும் சொல்வார்கள். மூக்கம்மாளும் சொன்னாள், நாலு வாரத்துக்கு முன்னாலேயே சொன்னாள், "அக்கா, நாலாம் மாசம், தீட்டுப் பட்டுக்கிட்டே இருக்கு, துணி மாத்தி மாளல, ரெண்டு போயிருச்சே, இதுவும் போயிருமோ" என்று. இவள் அதை டாக்டர் துரையிடம் சொன்னாள். புதன்கிழமைக்குப் புதன்கிழமை சொன்னாள், மூன்று தடவை. சொன்னேனே... சொல்லாமலா விட்டேன்? மூன்று தடவையும் அவர் சிரித்தார், அந்த ரோஸ் நிற மருந்தைக் கொடுக்கச் சொன்னார், வேலைக்குப் போகலாம் என்று எழுதினார். சிரித்த முகத்தோடு எழுதினார்.

டாக்டர் துரைக்குத் தமிழில் தெரிந்தது நாலு வார்த்தை, நாக்கை நீட்டு, மூச்சை இழு, வாயை மூடு, போ. பெண்கள் அவரைத் தொட விட மாட்டார்கள், மணிக்கட்டை மட்டும் சேலைத் தலைப்பைப் போட்டு நீட்டுவார்கள், அவரும் அதற்கு மேல் கேட்பதில்லை, அப்புறம் நோவு என்ன என்பது கத்தரீனாள் வாயில் இருந்து என்ன வருகிறதோ அதுதான். அதற்காகத்தானே அவளைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். பழைய துரை பங்களாவில் பதினோரு வருஷம் பிள்ளை வளர்த்தவள், மூன்று பிள்ளை, மூன்றும் அவள் இடுப்பில் இருந்தே இங்கிலீஷ் பேசப் பழகியவை, அவை பழகும்போதே அவளும் பழகினாள். மலையில் அன்றைக்கு இங்கிலீஷ் பேசுகிற பொம்பிளை துரைசாணியை விட்டால் இவள் ஒருத்திதான். முதல் வாரமே துரைசாணி கூப்பிட்டு வைத்துச் சொன்னாளே, ஆயா, பிள்ளைகளிடம் நோவைப் பற்றிப் பேசும்போது சின்னதாகப் பேசு, முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள், பயந்தால் காய்ச்சல் கூடிவிடும் என்று. அதனால் எது வந்தாலும் முன்னால் ஒரு லிட்டில் போட்டுத்தான் சொல்ல வேண்டும், லிட்டில் காய்ச்சல், லிட்டில் இருமல். வயிற்றுக்கு டம்மி, வலிக்கு ஏக் என்று சொல்லிக் கொடுத்தாள். வேட்டை நாய் பாம்பு கடித்துச் செத்தபோதுகூட, தூங்கப் போய்விட்டது என்று சொல்லச் சொன்னாள். கத்தரீனாள் நன்றாகச் சொன்னாள். எவ்வளவு நன்றாகச் சொன்னாள் என்றால், சீமைக்குப் போகும்போது துரைசாணி எழுதிக் கொடுத்த கடுதாசியில் அது ஒன்றைத்தான் எழுதியிருந்தாளாம், இந்தப் பெண் யாரையும் பயமுறுத்தாமல் பேசத் தெரிந்தவள் என்று. அந்தக் கடுதாசியைக் காட்டித்தான் இந்த ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. கொழுந்துக் கூடை தூக்காமல், அட்டைக்கடி படாமல், ஓட்டுக்கூரைக்குக் கீழே நிற்கிற வேலை. லயத்தில் யார் பார்த்தாலும், ஆயாக்கா பேசுனா டாக்டர் சிரிப்பாரு, அவளுக்கு வாய் ராசி என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான், இல்லை என்று யாரிடம் சொல்வது...

இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பெருமைதான். புதுத் துரை பங்களாவில் விருந்து, கை போதவில்லை என்று இவளையும் கூப்பிட்டுவிட்டார்கள், தட்டை ஏந்திக்கொண்டு கதவுக்கு இந்தப்பக்கம் நிற்கிறாள், உள்ளே யாரோ இவள் மாதிரியே பேசுகிறார்கள். இவள் இழுக்கிற இழுப்பு, இவள் கடைசியில் போடுகிற டாக்டர், எல்லாம் அப்படியே. லிட்டில் டம்மி ஏக், டாக்டர்... எட்டிப் பார்த்தால் டாக்டர் துரை, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை உருட்டி, இவளைப்போலவே நின்று காட்டுகிறார், சுற்றியிருந்த துரைமார் துரைசாணிமார் எல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். கோபமா வந்தது அப்போது? இல்லை. தட்டில் இருந்ததை எல்லாருக்கும் வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஆக அந்தச் சிரிப்பு இதற்குத்தான். நோவைக் கேட்டுச் சிரிக்கவில்லை, தன்மேல் இருந்த பிரியத்தில் சிரிக்கவில்லை, நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை மூன்று வயதுப் பிள்ளை மாதிரிப் பேசுகிறாளே என்று சிரித்திருக்கிறார். சிரிக்கட்டுமே, சிரித்தால் என்ன, வேலை நடந்தால் சரி என்று திங்கட்கிழமை நினைத்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே நினைத்தாள். ஆனால் வேலை நடந்ததா என்று இப்போது, வெளியே மூக்கம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது, ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நினைக்கிறாள்.

பக்கத்து அறையில் கம்பவுண்டர் அலவி சீசாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ், அவர் பேசினால் டாக்டர் ஒருநாளும் சிரித்ததில்லை, பேனாவை எடுப்பார். "தம்பி, அந்தப் பெரிய நோட்டுல மூக்கம்மா பேருக்கு நேரா என்ன எழுதிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." "ஏனுங்க, என்ன திடீர்னு?" "சும்மாதான், படிங்க." அவர் கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். "மூணு வாரமும் ஒண்ணுதானுங்க. இலேசான வயித்து உபாதை. வேலைக்குப் போகலாம்." "இலேசானன்னா எழுதிருக்கு?" "நீங்க சொன்னதத்தானுங்க எழுதுவாரு, அவரு வேற எதக் கண்டாரு?" என்றுவிட்டு அலவி மறுபடியும் சீசாவுக்குப் போய்விட்டார். அவர் குத்திச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

நான் சொன்னதைத்தான் எழுதுவார்... அப்படியானால் அந்த நோட்டு முழுக்க என் வாய்தானா? பட்டுக்கொண்டே இருக்கிறது என்று அவள் சொல்ல, நான் முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொண்டு, லிட்டில் டம்மி ஏக் என்று... ஐயோ, அது பயந்துவிடக் கூடாத பிள்ளைக்குச் சொல்கிற பாஷை அல்லவா, இங்கே யார் பிள்ளை, டாக்டர் துரையா? அவர் பயந்தால் யாருக்குக் காய்ச்சல் கூடும்? அவர் பயப்படத்தானே வேண்டும். போன அடைமழையில் சுருளியம்மாளுக்கும் இதே வாய்தான் சொன்னது, லிட்டில் என்று, அவளும் இதே வாசலில்தான் நின்றாள், அந்தச் சனிக்கிழமை மேமலையில் கூடையோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. விதி என்றார்கள். இவளும் விதி என்றுதான் செபம் சொன்னாள். அலவியிடம் கேட்டுவிடலாமா, பெரியவர்கள் நோவுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று? கேட்டால் என்ன நோவு என்பார், ஆம்பிளைப் பிள்ளையிடம் எதைச் சொல்வது, சொன்னாலும் நாளைக்கே ஊர் சொல்லாதா, ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாதாம், பிள்ளைப் பேச்சுத்தான் தெரியுமாம் என்று. தெரியாதவளுக்கு எதற்கு இந்த இடம் என்று புதுத் துரை கேட்டால்? மூணாறில் படித்த நர்சம்மா ஒருத்தி வரப்போகிறாள் என்று வேறு பேச்சு அடிபடுகிறது. இந்த வயதில் கூடையைத் தூக்கிக்கொண்டு நிரையில் நின்றால் மூக்கம்மாளுக்கு முன்னால் நான் விழுவேன்... சரி, வார்த்தை தெரியாதது மட்டும்தானா? பேபி தெரியும். பிளட் தெரியும், பங்களாப் பிள்ளைகள் முழங்காலில் அடிபட்டு வரும்போது எத்தனை தடவை துடைத்திருப்பாய். நாலு வாரம் என்று விரலை மடக்கிச் சொல்லத் தெரியும். டெட் தெரியாதா, துரைசாணி அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று சொல்லித்தானே அதுவே தெரிந்தது. வார்த்தை எல்லாம் இருக்கிறது. பயமுறுத்துகிற முகம்தான் இல்லை, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள், ஊரில் அம்மை சொல்லிக் கொடுத்தாளா, பங்களாவில் சொல்லிக் கொடுத்தார்களா, பொம்பிளை வந்து நின்று ஒரு ஆம்பிளையைப் பயப்பட வைப்பது எப்படி என்று எந்தப் பள்ளிக்கூடத்தில்...

சித்திரபுரத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வெளியே சண்டை வாயை அடைத்தாற்போல நின்றது, கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். டாக்டர் துரை கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து உட்கார்ந்தார், குட்மார்னிங் ஆயா என்றார், அதிலும் ஒரு சிரிப்பு, இப்போது தெரிகிறது அது. முதலில் இருமல்காரக் கிழவன், அப்புறம் காலில் புண், அப்புறம் ஒரு பிள்ளைக்குக் காதுவலி, அதற்கு மட்டும் லிட்டில் என்று சொன்னாள், அது லிட்டில்தான். அப்புறம் மூக்கம்மாள் வந்து நின்று, சேலைத் தலைப்பைப் போட்டு மணிக்கட்டை நீட்டினாள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்தபடியே, இன்னும் அந்த டம்மிதானா ஆயா என்றார். எஸ் டாக்டர் என்று நாக்கு பாதி தூரம் போய்விட்டது, பழக்கம், முகமும் தானாகச் சிரிக்கப் போய்விட்டது. கத்தரீனாள் உதட்டை மூடிக்கொண்டாள். மூடியதும் முகம் என்னமோ போல ஆனது, யாருடைய முகமோ மாதிரி. நோ டாக்டர் என்றாள். நோ டம்மி. பேபி. ஐந்து விரலைக் காட்டினாள், மாதம். பிளட் என்றாள், எவ்ரி டே, நாலு வாரம். டூ பேபி டெட் என்றாள். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, திஸ் உமன் டெட் என்று சொல்ல வந்து, மேமலை இருக்கிற திசையைக் கையால் காட்டினாள், நாளைக்கு, டுமாரோ, ஹில், டெட் என்றாள். குரல் அவ்வளவு உயரமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை, பக்கத்து அறையில் சீசா துடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. முதல் தடவையாக மூக்கம்மாளின் கண் இரப்பையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாற்காலியை அவரே காலால் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னார், அலவியைக் கூப்பிட்டு விறுவிறுவென்று என்னமோ சொன்னார், பிரசவம் வரைக்கும் படுக்கையாம், மேமலை கிடையாதாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே வண்டியாம், அலவி சொல்லச் சொல்லக் கங்காணி வாசலில் நின்று சரிங்க சரிங்க என்று தலையை ஆட்டினான். சீக்குச் சீட்டு மூக்கம்மாள் கைக்கு வந்துவிட்டது. "அக்கா, என்னக்கா சொன்ன, மந்திரம் போட்ட மாதிரி..." என்று அவள் பாதி அழுகையில் கையைப் பிடித்தாள். இவ்வளவுதானா என்று கத்தரீனாள் நின்றாள். சிரிக்காமல் நாலு வார்த்தை, இவ்வளவுதானா... இத்தனை வருஷமும் நாக்கில்தானே கிடந்தது. நர்சம்மா வந்தாலும் வரட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஒரு நிமிஷம்தான். டாக்டர் துரை எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடவும் இல்லை. நோட்டை ஒரு பக்கம் பின்னால் புரட்டினார், போன வாரம் எழுதியதில் விரலை வைத்துப் படித்தார், இன்னொரு பக்கம் புரட்டினார், அங்கேயும் விரலை வைத்தார். பிறகு, கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, அவள் முகத்தைப் பார்த்து நிதானமாக இங்கிலீஷில் கேட்டார்:

"போன புதன்கிழமை நீ என்னிடம் என்ன சொன்னாய், ஆயா?"