வட்டத்துக்குள் முகம்

அவள் முகம் போன் திரையின் வட்டத்துக்குள் வரவில்லை. தலையணையை இரண்டாக மடித்துக் கழுத்துக்கு அடியில் கொடுத்துப் பார்த்தான். நெற்றி உள்ளே வந்தது, மோவாய் வெளியே நின்றது. போனைப் பின்னால் இழுத்தான். கட்டில் கம்பியும் மருந்து பாட்டிலும் சேர்ந்துகொண்டன.

"கிட்ட வாங்க பார்சல். நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன்?" என்றாள் மனைவி.

கட்டியவனைப் பார்சல் என்று கூப்பிடும் பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். அவள் கம்பளி நூலில் யானையும் கரடியும் பின்னி இணையத்தில் விற்பாள். இவன் அவற்றைப் பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டுவான். எனவே அவள் முதலாளி, இவன் பார்சல். விற்ற பணம் போய் விழும் வங்கிக் கணக்கும் முதலாளி பெயரில்தான். யாராவது கண்ணைக் கசக்கினால் பையில் இருப்பதை வழித்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வருகிற ஆளை நம்பி எவள் பணத்தை ஒப்படைப்பாள்? அவளைப் பார்த்துக்கொள்ள இவன் வேலையை விட்டதிலிருந்து அடுப்பு எரிவது அந்தக் கடையால். மகள் வெளியூரில் படிப்பதும் அதனால்தான்.

காலையில் அடுக்களையில் பேச்சை ஆரம்பித்தவன் மச்சினன். வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவன்.

"மாமா, அக்கா இருக்கும்போதே கடைப் பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வர்ற மாதிரி மாத்திடுங்க. அப்புறம் அக்கா கணக்கை முடக்கிடுவாங்க. பணம் வந்து வந்து உள்ளயே கெடக்கும். அங்க போயி பேப்பர் வாங்கிட்டு வாங்க, இங்க போயி கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு உங்கள அலைய விடப்போறது வேற யாரும் இல்ல, நான்தான்."

"அவகிட்ட என்னன்னு சொல்லிக் கேக்கறது மாப்ள?"

மச்சினன் அடுப்பை அணைத்தான். பால் ஏற்கெனவே பொங்கி வழிந்திருந்தது.

டாக்டர் இவனை மட்டும் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இன்றோ நாளையோ என்று சொல்லியிருந்தார். இவன் அவளிடம் வந்து, வெறும் பலவீனம்தானாம், அடுத்த மாதம் எழுந்து உட்கார்ந்துவிடுவாயாம் என்றான். அவளும் சரி என்றாள். சொன்ன பொய்யைக் கட்டிக் காப்பாற்றுவதே இவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. கணக்கை மாற்று என்று கேட்டால், நீ பிழைக்க மாட்டாய் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். கேட்காவிட்டால் மகள் நடுவழியில் நிற்பாள். மத்தியானம் வரை வாசலுக்கும் அறைக்குமாக நடந்துவிட்டு, கடைசியில் இன்னொரு பொய்யோடு போனான்.

"கடைல ஏதோ புது ரூலாம். எல்லாரும் பேங்க் விவரத்த ஒருதடவை புதுசா குடுக்கணுமாம்."

"அப்படியா?" என்றாள். அந்தக் கடையின் பக்கத்தைத் திறந்து, படம் ஏற்றி, விலை போட்டு ஓட்டியவள் அவள். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப உங்க கணக்கையே போட்டுடுங்க. என் கணக்கு நம்பர் ரொம்ப நீளம். அடிக்கறதுக்குள்ள உங்களுக்கு மூச்சு வாங்கும்."

இவன் கேட்கவே இல்லை, அவளாகக் கொடுத்துவிட்டாள். அவள் கண்ணைப் பார்க்க இவனுக்குத் தைரியம் வரவில்லை. குனிந்தபடி தன் கணக்கு எண்ணை அடித்தான். கடையின் உரிமையாளர் முகத்தைக் காட்ட வேண்டும் என்று திரையில் ஒரு வட்டம் வந்தது.

ஒருவழியாக முகம் வட்டத்துக்குள் அடங்கியது. வட்டம் சிவப்பானது.

"என்ன சொல்லுது?"

"முகம் பொருந்தலையாம்."

"எனக்கே பொருந்தல. அதுக்கு எங்க பொருந்தும்?"

இரண்டாவது முறையும் சிவப்புதான். கடை திறந்த அன்று எடுத்த படத்தில் கன்னம் நிறைய முகமும் காதை மறைக்கும் முடியுமாக இருந்தாள். இப்போது மிச்சம் இருந்தது கண்ணும் மூக்கும்.

"அந்த போட்டோல நான் சிரிச்சிட்டிருப்பேன்," என்றாள். "சிரிக்க வைங்க, பாப்போம்."

பொழுதுக்கும் ஏதாவது உளறிக்கொண்டிருக்கும் வாய்தான். அன்றைக்கென்று ஒட்டிக்கொண்டது.

"மொத பார்சல்," என்று அவளே எடுத்துக்கொடுத்தாள்.

கடைக்கு வந்த முதல் ஆர்டர் ஒரு யானை. இவன் அதைப் பார்த்துப் பார்த்துக் கட்டி, பெறுநர் இடத்தில் தன் வீட்டு முகவரியை எழுதி அனுப்பிவிட்டான். நான்காம் நாள் யானை வீட்டு வாசலில் வந்து நின்றது.

"பெட்டிய பிரிச்சுட்டு நீ என்ன சொன்ன?" என்று கேட்டான்.

"அய்யய்யோ, நம்ம யானைய எவளோ அப்படியே காப்பி அடிச்சிட்டான்னேன்."

"நானும் சேந்து அவள திட்டினேனே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் இருமலாக மாறினாலும் சிரிப்புதான். இவன் சட்டென்று போனை நீட்டினான். கண் சிமிட்டவும் என்றது, சிமிட்டினாள். தலையைத் திருப்பவும் என்றது. அந்தக் கொஞ்சத்தைத் திருப்புவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது. வட்டம் பச்சையானது.

அதன் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. பாதுகாப்புக்காகப் புதிய கணக்கு மூன்று நாள் காத்திருப்பில் வைக்கப்படும். அதன்பின் உரிமையாளர் மீண்டும் ஒருமுறை முகத்தைக் காட்டி உறுதிசெய்ய வேண்டும்.

"முடிஞ்சிடுச்சு," என்று போனைக் கவிழ்த்து வைத்தான்.

"மூணு நாள் கழிச்சு மறுபடி கேக்கும்," என்றாள் அவள், கண்ணை மூடியபடி. "அப்ப நான் எழுந்து உக்காந்தே காட்டறேன். இந்தத் தலையணைக் கூத்தெல்லாம் வேணாம்."

"ஆமா. அப்ப நீ எழுந்துடுவ."

இருவருக்கும் அதற்கு மேல் பொய் இருப்பில் இல்லை. இவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடிவதற்குச் சற்று முன்னால் அந்தக் கை கனத்தது.

மகள் வந்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். மச்சினன், கடை திறக்க எடுத்த அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மேசைமேல் வைத்தான். சுவர் அலமாரி நிறைய, நோய் வந்ததிலிருந்து அவள் படுத்துக்கொண்டே பின்னிக் குவித்த யானைகளும் கரடிகளும் இருந்தன. அத்தனை அவசரமாக ஏன் பின்னினாள் என்று அப்போதுதான் இவனுக்கு உறைத்தது. எந்தப் பொய்யும் அவளிடம் ஒரு நாளும் விலைபோகவில்லை.

மூன்று நாள் முடிந்ததும் சொன்னபடி போன் ஒலித்தது. முகத்தைக் காட்டவும்.

மகளும் மச்சினனும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

"நான் பேங்க்ல பேசிப் பாக்கறேன் மாமா," என்றான் மச்சினன். அவன் குரலிலேயே முடியாது என்பது இருந்தது.

இவன் எழுந்து மேசைக்குப் போனான். போனைப் படத்துக்கு நேரே நீட்டினான். தலையணை வைக்க வேண்டியிருக்கவில்லை, சிரிக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. முகம் முதல் தடவையிலேயே வட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்தது. முகம் பொருந்தியது என்று எழுத்து வந்தது.

கண் சிமிட்டவும் என்றது அடுத்து.

"அப்பா, போதும்பா," என்றாள் மகள்.

கை வலித்தது. இவன் போனை இறக்காமல் அடுத்த கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான்.