மருமகள் போட்ட ஃபெயில்

மருமகள் மாமியாருக்குப் பரீட்சையில் ஃபெயில் போட்டுவிட்டாள் என்ற செய்தி, மாமியார் பயிற்சி அறையிலிருந்து படியிறங்கி வருவதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. லிஃப்ட்காரர் கூடப் பாவமாகப் பார்த்தார். அவசரப் பிரிவில் கொடிகட்டிப் பறந்த மூத்த நர்ஸ் அந்த அம்மாள். வார்டின் இந்த முனையில் நின்று அவர் கூப்பிட்டால் அந்த முனையில் மயங்கிக் கிடப்பவனும் கண்ணைத் திறப்பான் என்பதால் எல்லாருக்கும் அவர் ‘சைரன்’. அன்றைக்கு சைரன் வாயே திறக்கவில்லை.

விஷயம் இதுதான். நாட்டிலுள்ள நர்ஸ்கள் எல்லாருக்கும் சேர்த்து அரசாங்கம் புதுக் கொள்கை கொண்டுவந்திருந்தது. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மறுபடி பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். தேறும்வரை அவசரப் பிரிவில் கால் வைக்க முடியாது. அந்தப் பிரிவுக்கே சைரன் பொறுப்பாளராக வேண்டிய நேரம் அது. வாழ்க்கையில் அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே பதவி. பயிற்சி கொடுக்க வந்து சேர்ந்தவளோ அவருடைய ஒரே மகனைக் கட்டிக்கொண்டவள்.

பரீட்சை ஒரு பொம்மையின் மேல். நின்றுபோன இதயத்தை மீண்டும் ஓட வைக்க நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். ஆழமாக அழுத்தினால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும். ஆழம் குறைந்தால் சிவப்பு. சைரனுக்கு முதலில் பச்சைதான் எரிந்தது. பாதியில் சிவப்பு எட்டிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியும் அது போகவில்லை.

“போதும் சிஸ்டர். நீங்க தேறல,” என்றாள் மருமகள், அத்தை என்ற சொல்லையே கேள்விப்படாதவள் மாதிரி.

சாயங்காலம் வீட்டில் பேச்சு மூச்சில்லை. பஸ் ஓட்டும் மகன், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹாரன் அடிப்பார்கள் என்று தெரிந்து தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டு நழுவினான். மருமகள்தான் ஆரம்பித்தாள்.

“பகல் டூட்டி, ராத்திரி டூட்டி ரெண்டும் சேர்த்துப் பார்த்துட்டு நேரா பரீட்சைக்கு வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அத்தை?”

“ஆள் இல்ல, பார்த்தேன். சாக்குச் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு. நெஞ்சு நின்னு போய்க் கிடக்கிறவனுக்கு நான் எத்தனை டூட்டி பார்த்துட்டு வந்தேன்னு தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் அந்தக் கொள்கையிலயே அதையும் எழுதியிருக்காங்க. ரெண்டு டூட்டி சேர்த்துப் போடக் கூடாது. பயிற்சி, பரீட்சை எல்லாம் வேலை நேரத்துலதான் நடக்கணும், முன்னாடி ஓய்வு கொடுக்கணும். நம்ம ஆஸ்பத்திரி பரீட்சையை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓய்வை விட்டுடுச்சு. ஓய்வு கொடுக்கிற வரைக்கும் பரீட்சையைத் தள்ளி வைங்கன்னு பெரிய டாக்டர்கிட்ட மன்றாடினேன். கேக்கல.”

“இவ்வளவு தெரிஞ்சும் எனக்கு ஃபெயில் போட்டியா?”

“பாஸ் போட்டிருந்தா, சோர்ந்துபோன கையே போதும்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகியிருக்கும் அத்தை.”

சைரன் எழுந்து போய்ப் படுத்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது. மீதியை விட மனசில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் இருவரையும் அறைக்கு அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை; எதையும் சத்தமில்லாமல் முடித்துவிட வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான்.

“மாமியார் மருமக சண்டையெல்லாம் இங்க வேண்டாமே. சிஸ்டர் அனுபவத்துக்கு இந்தப் பரீட்சையே அவமானம். நானே பாஸ் போட்டுடறேன். நாளைக்கே பொறுப்பை எடுத்துக்குங்க.”

தலையை ஆட்டினால் போதும், பதவி கைக்கு வந்துவிடும். சைரன் மருமகளைப் பார்த்தார். அவள் கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். தனக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்து, தன்னிடமே பொல்லாப்பு வாங்கிக்கொண்டவள்.

“வேண்டாம் டாக்டர்,” என்றார். “பொம்மையா இருந்ததால பிழைச்சுது. மனுஷனா இருந்தா என் கையில போயிருப்பான். என் மருமக போட்ட மார்க் சரி. நீங்க போட்ட டூட்டிதான் தப்பு. எல்லாருக்கும் ஓய்வு கொடுங்க, அப்புறம் பரீட்சை வைங்க.”

“அதுக்கு ஆள் பிடிக்கணும், டூட்டியெல்லாம் மாத்தணும். அதுவரைக்கும் அந்தப் பதவியை உங்களுக்காக நிறுத்தி வைக்க முடியாது சிஸ்டர்.”

சைரன் நிமிர்ந்து நின்றார். “வேற யாருக்காவது கொடுங்க. ஆனா இனிமே டூட்டி பார்த்துட்டு நேரா பரீட்சைக்கு நாங்க ஒருத்தரும் வரமாட்டோம்!”

நேற்று அடங்கிக் கிடந்த குரல் வராந்தாவைத் தாண்டி மருந்தகம் வரை போயிற்று. போகிற வருகிற நர்ஸ்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பெரிய டாக்டர் டூட்டிப் பட்டியலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

ஆள் வந்தது, பெரிய டாக்டரின் முனகலோடு. டூட்டி மாறியது. பொறுப்பாளர் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாள். சைரனுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். இப்படி ஒரு மாமியாரையும் இப்படி ஒரு மருமகளையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிற அந்த பஸ் டிரைவர் கொடுத்துவைத்தவன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

மறுபரீட்சைக்கு நர்ஸ்கள் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார்கள். சைரன் பொம்மையின் முன் மண்டியிட்டார். அழுத்தினார். பச்சை. மணி அடிக்கும்வரை பச்சையைத் தவிர வேறெதுவும் எரியவில்லை.

“அத்தை!” என்று மருமகள் எல்லார் முன்னாலும் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

சைரன் உள்ளங்கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

“மொதல்ல மார்க் போடு. அப்புறம் கட்டிப்பிடிக்கலாம்.”

மருமகள் முதலில் மார்க் போட்டாள்.