தன் பூட்டை மட்டும்

வலது கையை மேஜைமேல் வைக்க டெல்மாவுக்கு இடது கை வேண்டும். முழங்கைக்குக் கீழே பிடித்து, ஈரச் சாக்கைத் தூக்குவதுபோல் தூக்கி, கீபோர்டுக்குப் பக்கத்தில் போடுவாள். போட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில், மக்காய் ஊர்ச் சர்க்கரை மில்லில், கரும்பு நசுக்கும் உருளைகளைப் பழுதுபார்க்கிற கும்பலில் பாதி ஆயுள் சங்கிலிக் கப்பி இழுத்த தோள் அது. இனிமேல் பளு தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் உண்டு, கன்ட்ரோல் ரூம். அதற்கு இந்த வருடம் புதிதாக ஒரு தேர்வு வைத்திருந்தார்கள். கணினிக்குக் கட்டளை எழுதத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தேறினால் அரவை தொடங்கும்போது அவளுக்கு அங்கே ஒரு நாற்காலி. தேறாவிட்டால் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் தாத்தாக்கள் பசிபிக் தீவுகளிலிருந்து வந்து வெட்டிய கரும்பு, நாங்கள் நசுக்குகிற கரும்பு. இதைவிட்டால் ஐம்பது தாண்டிய ஒற்றைக் கைக்காரிக்கு இங்கே பிழைப்பு கிடையாது.

நானும் பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு ஃபிட்டர் வேலை இருக்கிறது. ஏசி அறையில் உட்காரலாமே என்ற ஆசை, அவ்வளவுதான்.

பிரிஸ்பேனிலிருந்து வந்த பயிற்சி அதிகாரி திரையில் படம் காட்டிவிட்டு, மேஜைமேல் ஒரு பலகையை வைத்துவிட்டுப் போனார். எட்டுச் சாவித் துளை, எட்டுச் சிவப்பு விளக்கு, ஓரத்தில் விசிறி மாட்டிய பொம்மை மோட்டார். ஒருவர் தன் சாவியைச் செருகினால் அவருடைய விளக்கு எரியவேண்டும், உருவினால் அணையவேண்டும், ஒரு விளக்கு எரிந்தாலும் மோட்டார் சுற்றக்கூடாது.

இது என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. உருளைக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பல துளை உள்ள இரும்புக் கொண்டியை மாட்டுவோம். இறங்குகிற ஒவ்வொருவரும் அதில் தன் பூட்டைப் போடவேண்டும். சாவி அவரவர் சட்டைப் பையில். மேலே வந்ததும் தன் பூட்டைத் தானே எடுக்கவேண்டும். பூட்டை மறந்து வீட்டுக்குப் போனவன் ஒரு பெட்டி பீர் கடன்பட்டவன். அடுத்தவன் பூட்டை அறுத்தவனுக்குப் பீர் கணக்கெல்லாம் இல்லை, அன்றைக்கே கேட்டுக்கு வெளியே.

எங்களுக்குப் புரிந்தது அதுவரைதான். கட்டளை எழுதப்போனால் ஒரு விளக்குகூட எரியவில்லை. உதவி கேட்கிற மாதிரி மில்லில் இருந்தது ரோஸ்கோ ஒருவன்தான், கருவிப் பிரிவு. டெல்மாவின் பழைய புருஷனுக்குத் தம்பி. அவள் புருஷனைத் துரத்திய அன்று லாரி கொண்டுவந்து அண்ணன் சாமானை ஏற்றியவன், கூடவே வாஷிங் மெஷினையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நான்தான் போய்க் கூப்பிட்டேன்.

மாம்பழத்தைக் கடித்துக்கொண்டே வந்து அவள் தலைக்கு மேலாகத் திரையைப் படித்தான்.

"அண்ணி, பூட்டு எங்க போட்ட?"

"அண்ணியும் இல்ல, கிண்ணியும் இல்ல. பலகையிலதான் போட்டேன்."

"பலகையில இல்ல. பலகையோட போட்டோல போட்டிருக்க."

செல்போனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தான். படத்தின்மேல் விரலால் ஒரு பூட்டு வரைந்து அவளிடம் நீட்டினான். பலகையைப் பார், எரிகிறதா என்றான். பூட்டுப் போடுகிற வேலையை அவள் தனி ஒரு கட்டளைத் துண்டாக எழுதியிருந்தாள். அந்தத் துண்டுக்குப் பலகையில் இருந்ததைக் கொடுத்தாள். கணினி அதை நகல் எடுத்துத்தான் கொடுக்கும். அந்தத் துண்டு நகலில் ஒழுங்காகப் பூட்டுப் போட்டது, வேலை முடிந்ததும் நகலைத் தூக்கி எறிந்துவிட்டது. உண்மையான பலகைக்கு ஒன்றும் தெரியாது.

"அப்ப என்னதான் குடுக்கணும்?"

"விலாசத்தைக் குடு. சுவிட்ச் மேல பெயின்டுல நம்பர் எழுதியிருக்குல்ல, ஆளை அனுப்பும்போது சுவிட்சையா கழட்டிக் கையில குடுக்குற? நம்பரைச் சொல்லி அனுப்புற. அவன் அங்க போய்ப் பூட்டுறான். அந்த நம்பர்தான் பாயின்டர். முன்னால நட்சத்திரக் குறி போட்டா, அங்கயே போன்னு அர்த்தம்."

விலாசம் எடுக்க & என்ற குறி. அதே குறி இரண்டு பலகைகளை ஒப்பிடவும் வரும் என்று அவன் சொன்னதும் டெல்மாவுக்குக் கோபம் வந்தது. ஒரே குறிக்கு இரண்டு வேலை வைத்தவன் எந்த மில்லில் வேலை பார்த்தான் என்று கேட்டாள்.

"நீகூடத்தான் மில்லுல ஒரு ஆளு, வீட்டுல வேற ஆளு," என்றான் ரோஸ்கோ. "தனியா ஒண்ணு முன்னால நின்னா விலாசம். ரெண்டுக்கு நடுவுல நின்னா ஒப்பிடுறது. பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாத்துப் படி."

அவள் திருத்தி எழுதினாள். இடது கையின் இரண்டு விரல்கள்தான். எழுதி முடித்துத் தன் சாவியைச் செருகினாள். மூன்றாவது விளக்கு எரிந்தது. ரோஸ்கோ ஐந்தாவதில் தன் சாவியைப் போட்டான், எரிந்தது. நான் ஏழாவதில் போட்டேன். மூன்று சிவப்புப் புள்ளிகள். டெல்மா முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு தன் சாவியை உருவினாள்.

மூன்று விளக்கும் அணைந்தன. விசிறி சுற்ற ஆரம்பித்தது.

பொம்மை விசிறிதான், ஈயை விரட்டக்கூடக் காற்று வராது. ஆனால் என் சாவி உள்ளே இருந்தது, ரோஸ்கோ சாவி உள்ளே இருந்தது. எனக்கு உள்ளங்கால் கூசியது. அந்த உருளைகளுக்கு நடுவே வயிற்றை எக்கிப் படுத்து வெல்டிங் பார்த்தவன் நான். ரோஸ்கோ மாம்பழக் கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். டெல்மா விசிறியைப் பார்த்தாள், எங்கள் சாவிகளைப் பார்த்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள்.

சாவி வெளியே வந்தால் பலகையைச் சுழியாக்கு, அதாவது எல்லா விளக்கையும் அணை என்று எழுதியிருந்தாள். வேறு ஊர்க்காரன் இப்படி எழுதமாட்டான். டெல்மா கும்பல் தலைவி. எல்லாரும் மேலே வந்துவிட்டார்களா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியாகத்தான் தன் பூட்டை எடுப்பாள். அவள் பூட்டு வந்தால் கொண்டி காலி. இத்தனை வருடமும் அப்படித்தான். அதையே எழுதிவிட்டாள்.

"நான் எப்பவும் கடைசிதான," என்றாள் மெதுவாக.

"இந்தப் பலகைக்கு அது தெரியாது அண்ணி. இங்க யாரு வேணும்னாலும் மொதல்ல எடுப்பாங்க."

அவள் அண்ணி என்றதைத் தடுக்கவில்லை. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள்தான் இருந்தது. தன் விளக்கை மட்டும் அணைக்கவேண்டும், மற்ற ஏழில் எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை எப்படித் தொடாமல் விடுவது? ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கவேண்டுமா என்றாள். கேட்டு முடிப்பதற்குள் ஒருவன் உள்ளே இறங்கிவிட்டால்?

ரோஸ்கோ மூலையில் கிடந்த காலி பீர்ப் பெட்டியைக் கிழித்தான். ஒரு அட்டைத் துண்டைப் பலகைமேல் வைத்து, விளக்குகளுக்கு நேரே பேனாவால் குத்தி ஏழு துளை போட்டான். மூன்றாவது இடத்தில் மட்டும் போடவில்லை. கம்பியைச் செருகி, விளக்குகளை மறுபடி எரியவிட்டு, அட்டையை அவள் கையில் கொடுத்தான்.

"மேல வை."

வைத்தாள். ஐந்தும் ஏழும் துளை வழியே சிவப்பாகத் தெரிந்தன. மூன்று இருட்டு. எரியாத விளக்குகள் துளை இருந்தும் எரியவில்லை. அட்டையை எடுத்தாள். என்னை வேறு சாவிகளைப் போடச் சொன்னாள், போட்டேன். மறுபடி வைத்தாள். எது எரிந்ததோ அது எரிந்தது, எது அணைந்திருந்ததோ அது அணைந்தே இருந்தது, அவளுடையது மட்டும் இல்லை. என்னென்ன எரிகிறது என்று அட்டைக்குத் தெரியவே தெரியாது.

உன் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி ஒரு பலகை செய், அதில் எரிவதையும் அணைந்ததையும் தலைகீழாக மாற்று, அதற்கு ~ குறி, அதுதான் இந்த அட்டை என்றான் ரோஸ்கோ. உண்மைப் பலகைக்கும் இதற்கும் நடுவே & போடு. இரண்டிலும் எரிவது மட்டும் மிஞ்சும்.

டெல்மா அட்டையை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதியது, நாங்கள் யாரும் நகரவில்லை. உருளைக் குழியின் விளிம்பில் நின்று இருட்டுக்குள் பேர் பேராகக் கூப்பிட்டு, பதில் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். பலகைக்குள் இருக்கிற இந்தக் கணினிச் சில்லு பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எட்டுப் பேரையும் ஒரே மூச்சில் தொட்டு, ஏழு பேரைத் தொடாமல் விட்டுவிடுகிறது. நகத்தில் பாதி இல்லாத ஒரு சில்லுக்குள், அதிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில், எட்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, ஒன்றின்மேல் ஒன்று இடிக்காமல். எனக்குப் புல்லரித்தது. சர்ச்சில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

"இதை யாரு கண்டுபிடிச்சா?" என்றாள் டெல்மா.

"தெரியல," என்றான் ரோஸ்கோ. "எனக்கும் இப்படி ஒரு அட்டையிலதான் காட்டுனாங்க. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல."

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். முதலில் என் முறை. நான் டெல்மா மாதிரி அட்டை செய்யவில்லை. எரிந்தால் அணை, அணைந்தால் எரி என்று மாற்றிப்போடுகிற குறி ஒன்று உண்டு, வேலை சுருக்கம் என்று அதைப் போட்டிருந்தேன். அதிகாரி சாவியை உருவும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டினார். உருவியது இரண்டு தடவையாகக் கணக்கானது. அணைந்த விளக்கு மறுபடி எரிந்தது. அவர் தலையை ஆட்டினார். ஜன்னலில் நின்ற கும்பல் சிரித்தது, நானும் சிரித்தேன்.

டெல்மாவுக்கு எட்டுச் சாவியும் போட்டார். முதலில் அவளுடையதைத்தான் உருவினார், ஆட்டி ஆட்டி. ஒரு அட்டையை எத்தனை தடவை வைத்தாலும் மறைப்பது அதே விளக்கைத்தான். மூன்று இருட்டு. ஏழு சிவப்பு. விசிறி அசையவில்லை. ஒவ்வொன்றாக, கலைத்துக் கலைத்து எடுத்தார். கடைசியாக ஐந்தாவது, ரோஸ்கோவுடையது. அதை எடுத்தபிறகுதான் விசிறி சுற்றியது.

டெல்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் விளக்கெல்லாம் அணைந்த பலகைமேலேயே இருந்தது.

அதிகாரி போனதும் ரோஸ்கோ விரலை மடக்கினான்.

"என் சாவி உள்ள இருக்கும்போது ஓட்டுன. இவன் சாவி உள்ள இருக்கும்போது ஓட்டுன. நெசமா இருந்தா கேட்டுக்கு வெளியதான். பொம்மைங்கறதால ஆளுக்கு ஒரு பெட்டி பீர்."

"வாஷிங் மெஷினை இறக்கு மொதல்ல."

மறுநாள் காலையில் அது அவள் வாசலில் இருந்தது, துவைத்துக் காய்ந்த ஒரு காலுறை உள்ளேயே.

இப்போது அரவை நடக்கிறது. டெல்மா கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் இருக்கிறாள். அந்த அட்டை திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ரோஸ்கோவுக்கு ஒரு பெட்டி பீர், எனக்கு ஒரு பெட்டி பீர். டெல்மா இன்னும் தரவில்லை.