சிவப்புப் புள்ளி போகும் வழி

"அப்பா, நீங்க ஏன் எல்லாத்தையும் கடைசியிலேருந்து எழுதுறீங்க?" என்று அவருடைய மகள் ஆறு வயதில் ஒருமுறை கேட்டாள். மருந்து ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர், சாப்பாட்டு மேசையில் ஒரு மருந்து மூலக்கூறை வரைந்து, அதை இரண்டாக வெட்டி, வெட்டியதை மறுபடி வெட்டி, ஓரிரு கார்பன் மட்டுமே உள்ள எளிய பொருள்கள் வரை பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்.

"எங்க போய்ச் சேரணும்னு தெரிஞ்சாத்தானேம்மா எங்கேருந்து கிளம்பணும்னு தெரியும்."

"அப்ப எனக்கு முதல்ல ஐஸ்கிரீம். வீட்டுப்பாடம் எங்கேருந்து கிளம்பணும்னு அப்புறம் பார்க்கலாம்."

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவர் அதே ஆய்வகத்தில், அதே ஜன்னலோர மேசையில் இருக்கிறார். மருந்து செய்ய இப்படி வழி போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது பதினெட்டு வருடப் பேச்சு. போன மாதம் வரைக்கும்.

இந்த முறை செய்ய வேண்டியது குறியிட்ட மருந்து. அதில் ஒரே ஒரு கார்பன் அணு மற்றவற்றைவிடச் சற்றுக் கனமாக இருக்கும். மருந்து உடலுக்குள் எங்கெங்கே போகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கார்பன், கார்பன் டை ஆக்சைடு வாயுவாக ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைபட்டு வந்திருந்தது. ஒரே குப்பி, வந்து சேர நான்கு மாதமானது. அங்கிருந்து மருந்து வரை அவர் போட்ட வழி பதினோரு படி. பக்கத்து மேசைக்கு வந்து எட்டு மாதமே ஆன பெண் போட்டது ஏழு படி. ஆய்வகத் தலைவர் அவள் வழியைத் தேர்ந்தெடுத்தார்.

"என்ன பதினொண்ணாம் நம்பர் சார், லிஃப்ட் வந்தாச்சு போல," என்றார் கிடங்குக்காரர்.

அவரும் சிரித்து வைத்தார். காலையில் கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூட ஏழு என்ற எண்தான் முன்னால் வந்து நின்றது. அந்த வாரம் முழுக்க அவர் கடவுளிடம் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன கேட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

பொறாமைக்குப் பார்வை கூர்மை. அவள் தன் வழியை, நச்சுவாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டின் கண்ணாடிக் கதவில் மார்க்கரால் வரைந்திருந்தாள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து, மற்ற எவரும் காணாத ஒன்றை அவர் கண்டுவிட்டார். குறியிட்ட கார்பனை அவள் முதல் படியில் மட்டும் சிவப்புப் புள்ளியால் காட்டியிருந்தாள். பிறகு எல்லோரும் ஏழு என்ற எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். புள்ளி எங்கே போகிறது என்று யாரும் பின்தொடரவில்லை. அது அமில முனையில் உட்கார்ந்திருந்தது. ஐந்தாம் படியில் சூடாக்கும்போது அந்த முனைதான் வாயுவாகக் கழன்று போகும். மருந்து கிடைக்கும். குறி இருக்காது. நான்கு மாதம் காத்திருந்த கார்பன் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும்.

அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டார்.

குப்பியை உடைக்கும் நாள் காலை, கையுறை வாங்கக் கிடங்குக்குப் போனார். "உங்க ஏழாம் நம்பர் இன்னைக்கு என்ன வாங்கிட்டுப் போச்சு?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது.

"ரெண்டு வாளி உலர்பனி. இன்னைக்குக் கம்மி சார். அன்னைக்கு உங்க குடுவைக்கு மட்டுமே மூணு வாளி."

"என் குடுவைக்கா?"

"உங்கம்மா வழுக்கி விழுந்துட்டாங்கன்னு போன் வந்து, போட்டது போட்டபடி ஓடினீங்களே. அந்தப் பொண்ணு சாயங்காலம் வரைக்கும் குடுவை சூடேறாம பனி போட்டுக்கிட்டே இருந்துச்சு. அவரே நொந்து போயிருப்பாரு, அவருகிட்ட சொல்லாதீங்கன்னுச்சு." கிடங்குக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பாருங்க, சொல்லிட்டேன்."

அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. மறுநாள் வந்து பார்த்தபோது பொருள் கெடாமல் இருந்தது. தலைவர் கைராசி என்று பாராட்டினார். அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி சரியான இடத்துக்குத்தான் போயிருந்தது. நடுவில் ஒருத்தி வாளியோடு நின்றதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

தலைவரிடம் போய்ச் சொல்லலாம். உண்மையைத்தானே சொல்கிறோம்? ஆனால் சொன்ன மறுநிமிடம் பதினோரு படிதான் மேசைக்கு வரும், அவள் பெயர் எட்டு மாதத்திலேயே கெடும். அந்த உண்மைக்குள் தன் ஆசையும் ஒளிந்திருப்பதை அவர் பார்த்துவிட்டார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். "சார், வரலையா?" என்று அவள் கேட்டாள். "நீ போம்மா, வர்றேன்," என்றார்.

குப்பியை இரண்டு மணிக்கு உடைப்பதாக ஏற்பாடு. உடைப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டுப் படித்துப் பார்ப்பது அந்த ஆய்வக வழக்கம். அவர் சிவப்பு மார்க்கரை எடுத்தார். இரண்டாம் படியில் ஒரு புள்ளி. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. ஐந்தில், வெளியேறும் வாயுவின் அம்புக்குறி நுனியில் ஒன்று. அவளுடைய புள்ளியைப் போலவே சிறியதாக வைத்தார்.

அதோடு விட்டிருக்கலாம். முதல் படியின் ஓரத்தில் இடம் இருந்தது. குறியிட்ட வாயுவை முதலில் மெத்தனாலாக்கி, அதை மெத்தில் அயோடைடாக்கி, அதன்பிறகு சாதாரண கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்தால் புள்ளி மறுமுனைக்குப் போய்விடும், கழன்று போகாது. அதையும் பொடியாக எழுதினார். மொத்தம் எத்தனை என்று இருமுறை எண்ணினார். ஒன்பது. அப்போதும் பதினொன்றைவிடக் குறைவு.

மார்க்கரை மூடி, அவள் மேசையில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.