கைதட்டு வாங்கிய அறை

1
கதை தொடங்கியது என் உள்ளங்கைகளில்தான். குடியரசு தினக் கிராமசபையில் எங்கள் ஊராட்சித் தலைவர் சிலுவைதாசன் ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார். நாங்கள் கைதட்டினோம். நானும்தான்.

2
முதல் வரியை இப்படி எழுதினேன்: 'பனிமலையில் இருபத்தாறு ஆண்டுகள் இரும்பாய் இறுகிய அந்த…'

[வேண்டாம். பாதிக்காலம் ராணுவ லாரிகளைப் பழுதுபார்த்தவர்.]

சுபேதாராக ஓய்வுபெற்று வந்தவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னது நாங்கள். 'நாட்டைக் காத்தவர் ஊரைக் காக்கமாட்டாரா?' என்று பக்கத்து ஊரான புதுக்கடை வரை சுவரெழுதினோம். குறைசொல்ல முடியாது; ஓடை அடைத்தால் அவரே இறங்கி நிற்பார்.

3
அன்று எழுந்தவர் ரப்பர் பால்வெட்டும் முருகதாஸ்.

"சாரே, எங்க தெருவுல வெள்ளம்* வந்து இருவது நாளாச்சு."

"பைப்பு மாத்துதோம். இரியும்."

"போன தடவையும் இதத்தான பறஞ்சிய?"

"இரியும்ணு சொன்னேம்லா!"

முருகதாஸ் உட்காரவில்லை. சிலுவைதாசன் மேடையிலிருந்து இறங்கிப்போய் அவரை அறைந்தார்.

கைதட்டல் எழுந்தது. "பட்டாளத்துக்காரம்னா இப்பிடி வேணும்!" என்று ஒரு குரல். சிலுவைதாசன் வெளிறிப்போய்த் தன் கையையே பார்த்து நின்றார்.

(* எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.)

4
இது அவரே பிற்பாடு என்னிடம் சொன்னது. வீட்டில் மனைவி கிரேசி கேட்டாள்: "பட்டாளத்துல ஆரையாவது அடிச்சிருக்கியளா?"

"ஒருத்தனயும் இல்ல. அங்க கைநீட்டுனா விசாரணை உண்டு, தண்டனை உண்டு. இஞ்ச கைதட்டுதானுவ, கிரேசி."

சாப்பிடாமல் முருகதாஸ் வீட்டுக்கு நடந்தார். அவரைக் கண்டதும் முருகதாஸ் மடித்துக்கட்டிய சாரத்தை (லுங்கியை) மரியாதைக்குத் தழைய இறக்கிவிட்டு எழுந்தார். கன்னம் தடித்திருந்தது.

"தப்பு எனக்கதுதான். மன்னிக்கணும்."

"அய்யோ, என்ன சாரே! நீங்க பட்டாளத்துக்காரரு. அடிக்கலாம்."

சொன்னதோடு விடவில்லை, சல்யூட்டும் வைத்தார். கேலியாக இருந்திருந்தால் சிலுவைதாசன் தாங்கியிருப்பார். அது கேலியில்லை.

5
சிலுவைதாசன் பதவியை விட்டுவிட்டதாக ஒரு முடிவு எழுதி, அடித்துவிட்டேன். நடந்தது வேறு. மே தினக் கிராமசபையில் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் முருகதாஸிடம் மன்னிப்புக் கேட்டார். "பெரிய மனசு!" என்றது கூட்டம்.

"இனி பறயுங்க. ஆருக்கு என்ன குறை?"

யாரும் எழவில்லை. முருகதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தெருவுக்கு அன்றும் தண்ணீர் வரவில்லை.

"ஒருத்தருக்குமா குறையில்ல?" சிலுவைதாசன் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். நீங்கள் சொல்லுங்கள், உங்கள் தெருவில் தண்ணீர் வருகிறதா?